வேலூரில் வரைந்த முகங்கள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய பரிகாசம் உண்டு. அரசனில்லாக் கோட்டை, தெய்வமில்லாக் கோயில், நீரில்லா ஆறு என்று அவ்வூரை அதன் குறைகளைக் கொண்டே அடையாளம் காட்டுவார்கள். (அப்பட்டியலில் இன்னும் சில உருப்படிகள் உண்டு, அவற்றைக் குடும்ப இதழில் எழுதுவது முறையன்று.) இவற்றுள் ஒன்று 1981-ஆம் ஆண்டிலேயே பொய்த்துப்போயிற்று, அவ்வாண்டில்தான் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் இலிங்கம் மீண்டும் நிறுவப்பட்டது. பாலாறும் 2021 நவம்பர் மழையில் கரைபுரண்டு ஓடி, தன்மேல் சுமத்தப்பட்ட பழியைச் சில நாள்களேனும் துடைத்துக்கொண்டது. கோட்டைக்கு மட்டும் இன்றளவும் அரசன் வாய்க்கவில்லை.

ஆயினும் அந்தப் பரிகாசம் எனக்குப் பிடிக்கும். ஒரு முகத்தில் எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதைப் பற்றி இழுத்து, பெரிதாக்கி, பார்ப்பவர் சிரிக்கும்படி காட்டுவதுதானே கேலிச்சித்திரக்காரனின் தொழில்? ஓர் ஊரின் முகத்தையே அப்படி வரைந்துவிட்டார் யாரோ பெயர் தெரியாத புண்ணியவான். அத்தொழிலில் சிறிது பழக்கமுள்ள நான், 2018-ஆம் ஆண்டு கோடையில் வேலூரில் மூன்று வாரம் தங்க நேர்ந்தது. அங்கே நான் வரைந்ததையும், வரையத் தகாததை வரைந்ததையும் வாசக நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அப்போது நான் பணியாற்றிய பங்கு திண்டிவனத்தை அடுத்தது. அங்கே செங்கற்சூளையில் கூலிவேலை செய்யும் ஒருவரின் எட்டு வயது மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. காலில் வலி என்றான். ஈறுகளில் இரத்தம் கசிந்தது. இரத்தச் சோதனைத் தாளைப் பார்த்த உள்ளூர் மருத்துவர் வேறொன்றும் பேசாமல், "வேலூருக்குக் கொண்டுபோங்கள், நாளைக்கே" என்றார். தாயின் மடியில் நாற்பது நாள் கைக்குழந்தை. தகப்பனோ மாவட்ட எல்லையைத் தாண்டி அறியாதவர், எழுத்தும் தெரியாது. "சாமி, நீங்க ஒருவாட்டி கூட வந்து சேத்துவிட்டா போதும்" என்றார். சேர்த்துவிட்டு மறுநாளே திரும்பும் எண்ணத்துடன்தான் ஒரு வேட்டி, ஒரு துண்டு, செபப் புத்தகம் ஆகியவற்றைப் பையிலிட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வந்தவாசி, செய்யாறு, ஆர்க்காடு வழியாகப் பேருந்து சென்றது. நெல்வயல்களும் பனைகளும் பின்னோக்கி ஓட, சிறுவன் சன்னலோரம் உட்கார்ந்து ஒன்றும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஆர்க்காட்டில் வாந்தி எடுத்தான். சோதனைத் தாள்கள் இருந்த மஞ்சள் பையைத் தகப்பன் வழிநெடுக மார்போடு அணைத்தபடியே வந்தார்; பையனைவிட அந்தப் பைக்கே பழுது வந்துவிடும் என்று அஞ்சியவரைப் போல.

வேலூரில் இறங்கி மருத்துவமனைச் சாலைக்குள் நுழைந்தவுடன், தமிழ்நாட்டில்தான் நிற்கிறோமா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. தங்கும் விடுதிகளின் பலகைகளில் வங்காள எழுத்து. மருந்துக் கடையிலும் வங்காள எழுத்து. உணவு விடுதி வாசலில் கடுகெண்ணெயில் பொரிந்த மீனின் வாடை. மால்டா, முர்ஷிதாபாத், அகர்த்தலா, ராஞ்சி, குவாஹாத்தி என்று எங்கெங்கிருந்தோ மக்கள் இரண்டு இரவு, மூன்று இரவு இரயிலில் பயணம் செய்து காட்பாடிச் சந்திப்பில் இறங்கி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து இங்கே வந்து சேர்கிறார்கள். எல்லைக்கு அப்பாலுள்ள வங்கதேசத்தாரும் வருகிறார்கள். அச்சாலையின் கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், இளநீர் விற்பவர்கள் யாவரும் இந்தியும் வங்காளமும் பேசுகிறார்கள். மொழிப் பிரச்சினைக்கு அரசியல் தலைவர்கள் காணாத தீர்வை நோய் கண்டுவிட்டது போலும்.

இவ்வளவு பெரிய மருத்துவமனைக்கு வித்திட்ட நிகழ்ச்சி எங்கள் திண்டிவனத்தில் நடந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தில் 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையாரின் இல்லத்தில் இருந்தபோது, ஓர் இரவில் மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையிலிருக்கும் தம் மனைவியைப் பார்க்க அவரை அழைத்தனர். மருத்துவரான தந்தையை அனுப்புவதாக அவர் சொன்னபோது, ஆண் மருத்துவர் வேண்டா என்று மூவரும் மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் சிறு மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கை கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் அது. அம்மையார் 1960-இல் காலமானார். மருத்துவமனைச் சாலைக்கு அவர் பெயரே.

சிறுவனுக்கு வந்திருந்தது இரத்தப் புற்றுநோய் என்று மூன்றாம் நாள் உறுதியாயிற்று. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படும் 'அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா' என்ற வகை. முறையாக மருந்து கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள் என்றும், ஆனால் மருத்துவம் முடிய இரண்டு ஆண்டுக்கு மேலாகும் என்றும், முதல் மாதம் மிகக் கடினமானது என்றும் மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். தகப்பன் என் முகத்தைப் பார்த்தார். "பொழைச்சிருவான்னு சொல்றாங்களா சாமி?" என்றார். "அப்படித்தாம்பா சொல்றாங்க" என்றேன். மறுநாள் திரும்பும் எண்ணம் அங்கேயே கலைந்தது. பங்குப் பணிகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துப் பங்குச் சாமியாருக்குச் சொல்லியனுப்பினேன்.

வார்டில் காத்திருத்தல் என்பது ஒரு தனித்தொழில். மருத்துவர் வரும்வரை காத்திருத்தல், சோதனை முடிவுக்குக் காத்திருத்தல், மருந்து சொட்டுச்சொட்டாக இறங்கி முடியும்வரை காத்திருத்தல். ஐந்தாம் நாள் பிற்பகலில், பையனின் தகப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். செங்கல் சுமந்து சுமந்து அகன்றுபோன தோள்கள். அவற்றின்மேல் ஒரு சிறு தலை. தலையைவிடப் பெரிய மீசை. என் கையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்புறத்தில் அந்த மீசையை முதலில் வரைந்தேன். பிறகு மீசைக்கு ஒரு மனிதரைப் பொருத்தினேன். பையன் எட்டிப் பார்த்தான். ஐந்து நாளாகப் பேசாதிருந்தவன், "எங்கப்பாவா?" என்றான். அடுத்த கட்டிலிலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. அதற்கு அடுத்த கட்டிலிலிருந்து மற்றொன்று. எல்லாம் முடியுதிர்ந்த தலைகள். சீட்டு கைமாறிக் கைமாறி வார்டின் கடைக்கோடிவரை சென்று வந்தது.

மறுநாள் செவிலியர் தலைவி என்னை அழைத்தார். ஏதோ தவறு செய்துவிட்டேன் என்றெண்ணிச் சென்றேன். "ஃபாதர், வரையறதா இருந்தா ஒழுங்கா அனுமதி வாங்கிட்டு வரைங்க. பசங்க காலையிலேர்ந்து கேக்குதுங்க" என்றார். அனுமதியுடன் நிபந்தனைகளும் வந்தன. இம்மருந்துகள் நோய் அணுக்களோடு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் அழித்துவிடுவதால், வெளியிலிருந்து வரும் சிறு சளியும் இக்குழந்தைகளுக்கு எமனாகலாம். ஆகவே வாயையும் மூக்கையும் மறைத்து முகமூடி. ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னும் பின்னும் கைகழுவுதல். பிரிக்காத புதிய தாள். ஒரு குழந்தை தொட்ட பென்சிலை மற்றொரு குழந்தைக்குக் கொடுக்கலாகாது. பூவோ பழமோ கொண்டுவரவே கூடாது. தும்மல் வந்தால் அன்றைக்கு வார்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது. திருவழிபாட்டு நூலின் சிவப்பு எழுத்து விதிகளுக்குப் பழகியவன் ஆதலால் இவை எனக்குச் சுமையாகத் தோன்றவில்லை.

என் சித்திரப் பயிற்சியின் வரலாறு பெருமைக்குரியதன்று. குருமடத்தில் மெய்யியல் வகுப்பில், பேராசிரியர் ஒருவரின் நீண்ட தாடையைக் கரும்பலகையில் வரைந்து, அவர் உள்ளே நுழையும்போது அழிக்க மறந்து, ஒரு மாதம் முழுவதும் உணவறையில் பாத்திரம் கழுவியவன் நான். ஆனால் அந்த ஒரு மாதத்தில், தண்டனை கொடுத்த அதிபரே நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். கேலிச்சித்திரக் கலை இத்தாலியில், பொலோஞ்ஞா நகரத்துக் கராச்சி என்னும் ஓவியக் குடும்பத்தாரின் பட்டறையில், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது என்றும், 'சுமை ஏற்றுதல்' என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்தே 'காரிக்கேச்சர்' என்ற பெயர் வந்தது என்றும் அதில் படித்தேன். நம் நாட்டிலும் பாரதியார் தம் 'இந்தியா' வார இதழில் 1906 முதலே கேலிச்சித்திரங்கள் வெளியிட்டார்; பிற்காலத்தில் ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்துவான்களின் முகங்களைப் பழைய தொகுப்புகளில் பார்த்துப் பார்த்துத்தான் என் கை திருந்தியது.

அப்புத்தகத்தில் ஒரு படத்தை மட்டும் நான் மறக்கவில்லை. புனித பேதுரு பேராலயத்தின் மாபெரும் தூண்மண்டபத்தை அமைத்த பெர்னினியே வரைந்தது. வரையப்பட்டவர் யாரோ சில்லறை மனிதர் அல்லர். திருத்தந்தை பதினொன்றாம் இன்னசெண்டு. நோயாளியாய்க் கட்டிலில், தலையணைகளில் சாய்ந்திருக்கிறார். தலையில் உயர்ந்த தொப்பி, பெரிய மூக்கு, குச்சிபோன்ற கையை நீட்டி எதற்கோ ஆணையிடுகிறார். மொத்தமே சில கோடுகள். நோய்ப்படுக்கையில் இருப்பவரை வைத்துச் சிரிக்கலாம், அதுவும் அன்போடு சிரிக்கலாம் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் தேவையிருக்கவில்லை. அந்த எண்ணத்துடன்தான் வேலூர் வார்டில் பென்சிலைப் பிடித்தேன். அந்த எண்ணத்தில் ஒரு பாதி பிழையானது என்பதை மறுவாரம் அறிந்தேன்.

முதல் சில நாள்கள் நன்றாகவே சென்றன. குழந்தையின் முகத்தை வரைவது கடினம். வயதானவர்களின் முகத்தில் உள்ளதுபோல் மடிப்பும் பள்ளமும் அங்கே இல்லை. எனவே உடலைச் சிறியதாகவும் தலையைப் பெரியதாகவும் போட்டு, கண்களில்தான் வித்தியாசம் காட்டவேண்டும். மட்டைப் பந்து ஆடுபவன், யானைமேல் ஏறியவன், இரயில் ஓட்டுபவன் என்று கேட்டபடி வரைந்தேன். வார்டில் துப்புரவுப் பணி செய்த வேலூர் அம்மையார் ஒருவர், பல்லாண்டுப் பழக்கத்தில் வங்காளம் சரளமாகப் பேசுவார். அவரே என் மொழிபெயர்ப்பாளர். "ஃபாதர், இது என்ன கேக்குதுன்னா, தோள் பெருசா வேணுமாம், சினிமாக்காரன் கணக்கா" என்பார். வாயெல்லாம் புண்ணாகி, சிரித்தால் வலிக்கிறதென்று சிரிக்காமலே இருந்த ஒரு சிறுவன், என் படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டில் கம்பியில் விரலால் தட்டினான். அதுதான் அவன் சிரிப்பு என்று அவன் தாய் காட்டினாள்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, சன்னலோரக் கட்டிலில் இருந்த சிறுமியிடம் சென்றேன். பதினொரு வயதிருக்கும், மால்டா மாவட்டத்தைச் சேர்ந்தவள், வந்து ஐந்து மாதமாயிற்று. யாரோடும் அதிகம் கலவாதவள். முகம் முழுநிலவைப்போல் வட்டமாக, கன்னங்கள் இரண்டும் உப்பி, கண்கள் அவற்றினிடையே சிறுத்து இருந்தன. கேலிச்சித்திரக்காரனின் கண் எதைப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் நிலவையே வரைந்தேன், நிலவுக்குள் அவளை. எனக்கு அது அழகாகவே பட்டது. அடுத்த கட்டில் பிள்ளைகள் தாளை எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தனர்.

அவள் தாளைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு அதை மடித்து, மேசைமீது வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அவள் தாய் என்மீது கோபிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். ஒடுங்கிய நீள்முகம், இரட்டைப் பின்னல், ஏதோ பள்ளி விழாவில் பாடும் தோரணையில் ஒரு சிறுமி. நான் அதை வேறொரு மகள் என்றே நினைத்தேன். துப்புரவு அம்மையார் மெல்லிய குரலில் சொன்னார்: "இதேதான் ஃபாதர் அது. மாத்திரையில ஊதிப்போச்சு." டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் இந்நோய்க்கு இன்றியமையாதவை, அவை சில வாரங்களில் முகத்தை இப்படி வீங்கச் செய்யும், மருந்து நின்றபின் வீக்கம் வடிந்துவிடும். இதையெல்லாம் அறியாமல், நோய் செய்த கேலிச்சித்திரத்தின்மேல் நான் என் கேலிச்சித்திரத்தைச் செய்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு அது அவள் முகமே அன்று.

அன்று மாலை கோட்டையின் அகழியோரமாக நீண்ட நேரம் நடந்தேன். வேலூர்க் கோட்டையைப் பார்க்காதவர்கள் பார்க்கவேண்டும். விசயநகரக் காலத்துக் கருங்கல் மதில், அதைச் சூழ்ந்து நீர் நிறைந்த அகழி. உள்ளே கோயிலும் பள்ளிவாசலும், 1846-ஆம் ஆண்டின் புனித யோவான் ஆலயமும் உள்ளன. சீரங்கப்பட்டணம் 1799-இல் வீழ்ந்தபின் திப்புவின் மக்களை இதற்குள்தான் சிறைவைத்தார்கள். சிப்பாய்களின் தலைப்பாகையையும் தாடியையும் நெற்றிக் குறியையும் வெள்ளைக்காரத் தளபதிகள் மாற்றப் புகுந்ததால் 1806 ஜூலை 10-ஆம் நாள் கிளர்ச்சி வெடித்ததும் இங்கேதான். பள்ளியில் அதைப் பாடமாகப் படித்தபோது, ஒரு தலைப்பாகைக்காக இவ்வளவு இரத்தமா என்று எண்ணியிருக்கிறேன். அன்று மாலை அப்படி எண்ண முடியவில்லை. தன் தலை எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பிறர் தீர்மானிக்கும்போது மனிதனுக்குள் எது கொதிக்கிறதோ, அதையே சுவர்ப்பக்கம் திரும்பிய அந்தச் சிறிய முதுகில் கண்டிருந்தேன்.

பெர்னினியின் படமும் நினைவுக்கு வந்தது. இன்னசெண்டு நோயாளிதான், ஆனால் திருத்தந்தை. கட்டிலில் கிடந்தபடியே உரோமையை ஆண்டவர். வரைந்தவனோ அவருக்குக் கீழ்ப்பட்டவன். அதனால்தான் அச்சிரிப்பு யாரையும் காயப்படுத்தவில்லை. வார்டில் நிலைமை தலைகீழ். அங்கே குழந்தைக்கு எதன்மீதும் அதிகாரம் இல்லை. எப்போது ஊசி, எந்தக் கையில், எப்போது சாப்பாடு, எப்போது உறக்கம் என்பதெல்லாம் பெரியவர்கள் வகுப்பது. அந்தப் பெரியவர்களில் நானும் ஒருவனாகப் பென்சிலோடு போய் நின்றிருக்கிறேன்.

மறுநாள் காலை புதிய தாள்களும் புதிய பென்சிலும் வாங்கிக்கொண்டு சென்றேன். அவள் கட்டிலருகே உட்கார்ந்து, பென்சிலை அவளிடம் நீட்டி, என் முகத்தைச் சுட்டிக்காட்டினேன். வாங்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளிடம் போய்விட்டேன். அரைமணி கழித்துத் துப்புரவு அம்மையார் சிரித்துக்கொண்டே வந்தார். "மூக்கே தெரியலையாம் ஃபாதர், எப்படி வரையறதுன்னு கேக்குது."

உண்மைதான். பத்து நாளாக முகமூடியோடே நடமாடிய என் மூக்கை அங்கே ஒரு குழந்தையும் கண்டதில்லை. வார்டுக்குள் அதைக் கழற்றவும் கூடாது. செவிலியர் தலைவியிடம் அனுமதி பெற்று, கண்ணாடிக் கதவுக்கு வெளியே சென்று நின்று, முகமூடியைக் கீழே இறக்கினேன். இறைவன் எனக்கு மூக்கு விஷயத்தில் தாராளமாகவே அருளியிருக்கிறான். உள்ளே கட்டில்தோறும் தலைகள் நிமிர்ந்தன. பக்கவாட்டில் திரும்பும்படி அவள் கையால் சைகை செய்தாள், திரும்பினேன். மறுபக்கம் என்றாள், திரும்பினேன். தாழ்வாரத்தில் சென்றவர்களெல்லாம் அங்கி அணிந்த குரு ஒருவர் கண்ணாடிக் கதவுமுன் இப்படியும் அப்படியும் திரும்புவதைப் பார்த்து வியந்து சென்றனர். கால் மணி நேரம் நின்றேன்.

படம் முடிந்தது. தாளில் முக்கால் பங்கு மூக்கு. மூக்கின் நிழலில் இரு சிறு கண்கள். காதிலிருந்து இரண்டு மயிர்கள் வசூலித்துக் காட்டப்பட்டிருந்தன. அவை அங்கிருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். கீழே ஒரு பெரிய வயிறு. அதன்மேல் அங்கியின் பொத்தான் ஒன்று தெறித்துப் பறந்துகொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் "ஆரோ பொரோ, ஆரோ பொரோ" என்று கூவினார்கள். 'இன்னும் பெரிதாக' என்று பொருளாம். அவள் எழுதுபலகையை நிமிர்த்தி, மூக்கைத் தாளின் ஓரம்வரை நீட்டினாள். அப்போது அவள் சிரித்ததை நான் முதன்முறையாகக் கண்டேன். கன்னங்கள் உப்பியிருந்தபடியால் கண்கள் முற்றிலும் மறைந்துபோயின.

அதன்பின் வார்டில் முறை மாறிவிட்டது. என்னை வரைவதே பிள்ளைகளின் முதல் வேலை. வேண்டியவர்களுக்கு மட்டுமே நான் வரைந்தேன். அதுவும் எதைப் பெரிதாக்குவது, எதைத் தொடக்கூடாது என்று கேட்டபின்னரே. கேட்டால் குழந்தைகள் சொல்லும் விடைகள் நாம் எதிர்பாராதவை. எங்கள் ஊர்ப் பையன் தன் மொட்டைத் தலையையே பெரிதாக்கச் சொன்னான். ஆனால் அது மட்டைப் பந்தாக வேண்டுமாம், மேலே தையலும் தெரியவேண்டுமாம். ஒருவனுக்கு நாக்கு. ஒருத்திக்குத் தன் அம்மாவின் வளையல்கள். பெரும்பாலோர் கேட்டது தங்களை அல்ல, ஊசியை. ஊசிக்கு மீசை வைத்து, கண்ணாடி மாட்டி, கைகால் வைத்து, ஒரு சிறுவனைக் கண்டு அஞ்சி ஓடுவதாகப் பத்துப் பதினைந்து படங்களாவது வரைந்திருப்பேன். மருத்துவர்களையும் வரைந்தோம். பெரிய மருத்துவர் ஒருவரை ஒட்டகச்சிவிங்கியாக வரையவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நான் தயங்கினேன். அவரோ படத்தைக் கேட்டு வாங்கி, தம் அறைக் கதவில் ஒட்டிக்கொண்டார். அன்று முதல் அவர் முதுகில் ஊசி போட வரும்போது, "சிவிங்கி வந்தாச்சு" என்பாராம். முதுகுத்தண்டு ஊசி வலிக்காமல் போய்விடாது. அழுகையும் நின்றுவிடவில்லை. ஆனால் அழுவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு இருந்தது.

நான்கு வயது நிரம்பாத ஒரு பையன், யானையின் உடலில் தன் தலையை வைத்துத் தரச் சொன்னான். வரைந்துகொண்டிருக்கும்போதே காய்ச்சல் ஏறி, செவிலியர் திரையிட்டுவிட்டனர். தும்பிக்கை மட்டும் பாக்கி. மறுநாள் முடித்துத் தருவதாகச் சொல்லிச் சென்றேன். மறுநாள் காலை அக்கட்டிலில் வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் விரிக்கப்பட்டிருந்தது. நான் கேட்கவில்லை, எவரும் சொல்லவும் இல்லை. பிள்ளைகள் அன்று சத்தமின்றி இருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்று பென்சிலை எடுக்கலாமா வேண்டாமா என்று நான் நின்றுகொண்டிருக்கையில், மால்டாச் சிறுமி தன் தாளை விரித்து, முகமூடிக்கு மேலிருந்த என் கண்களைப் பார்த்து, 'உட்கார்' என்பதுபோல் கையைக் காட்டினாள். உட்கார்ந்தேன். நெடுநேரம் வரைந்தாள்; காட்டவில்லை. அந்தத் தும்பிக்கையில்லா யானை இன்றும் என் கோப்பில் இருக்கிறது.

மூன்றாம் வாரம் முடிய, பங்கில் பாதுகாவலர் திருவிழாவுக்குக் கொடியேற்ற நாள் நெருங்கிவிட்டது. பையனின் இரத்தத்தில் நோயணுக்கள் வெகுவாகக் குறைந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். தகப்பன் அதற்குள் 'பிளேட்லெட்' என்ற சொல்லை என்னைவிடத் தெளிவாக உச்சரிக்கக் கற்றிருந்தார். வங்காளத்து மீன் குழம்பையும் உண்ணப் பழகிவிட்டார். விடைபெறக் கட்டில் கட்டிலாகச் சென்றேன்.

சன்னலோரக் கட்டிலுக்கு வந்ததும், சிறுமி ஒரு புதிய தாளை என் முன் வைத்தாள். தன்னைச் சுட்டிக்காட்டினாள். நான் உடனே வரையவில்லை. எதைப் பெரிதாக என்று சைகையால் கேட்டேன். அவள் தாயின் கைப்பேசியை வாங்கி, அந்தப் பழைய படத்தை எடுத்து, இரட்டைப் பின்னலை விரலால் தொட்டாள். பின்னர் சற்று யோசித்து, இரு கன்னங்களையும் காற்றடைத்து இன்னும் உப்பச் செய்து, அவற்றையும் தொட்டுக் காட்டினாள். இரண்டும் வேண்டும் என்றாள். எனவே வட்டமான முகத்துக்கு இரண்டு நீண்ட பின்னல்களை வரைந்தேன். தாளின் கீழ்விளிம்புவரை வந்தபின்பும் "ஆரோ" என்றாள். இரண்டாம் தாள் ஒன்றை ஒட்டித் தொடர்ந்தேன். பின்னல்கள் கட்டிலைவிட்டு இறங்கி, வார்டைக் கடந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே சென்றன.

எங்கள் பையனுக்கு 2020-ஆம் ஆண்டின் இறுதியில் மருந்து நின்றது. அவ்வாண்டின் ஊரடங்கில் வேலூர் போய்வர அத்தகப்பன் பட்ட பாட்டைத் தனியே எழுதவேண்டும். மருத்துவமனையின் புதிய வளாகம் 2022-இல் இராணிப்பேட்டையில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவனுடைய சோதனைக்காக நானும் உடன் சென்றபோது, பழைய துப்புரவு அம்மையாரைத் தேடி வேலூருக்கும் போனேன். ஓய்வு பெற்றுவிட்டார் என்றார்கள். சிறுமியைப் பற்றி யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. வார்டுகளிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் முகவரி விட்டுச் செல்வதில்லை. திரும்பியவர்களுக்கு அதை நினைக்க விருப்பமும் இராது.

யானைச் சிறுவனின் கட்டில் வெறுமையாய் இருந்த நாளில் அவள் வரைந்து, காட்டாமல் மறைத்துவைத்த படத்தை, நான் புறப்படும்போது அவள் தாய் என் பைக்குள் வைத்திருந்தாள். பேருந்து ஆர்க்காட்டைத் தாண்டியபின்தான் கண்டேன். இதில் மூக்கு பெரிதாக இல்லை. முகமூடியும், அதற்கு மேலே இரண்டு கண்களும் மட்டும். அதையும் மூக்குப் படத்தையும் சட்டமிட்டு என் அறையில் மாட்டியிருக்கிறேன். சென்ற ஆண்டு பங்கு விசாரணைக்கு வந்த ஆயர் அவர்கள், மூக்குப் படத்தின்முன் நெடுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சற்று உற்றுப் பார்த்து, "இதை வரைந்தவர் உம்மை நன்றாக அறிந்தவராக இருக்கவேண்டும்" என்றார். ஆமாம் என்று சொல்லி, ஆண்டவருக்குக் காபி கொண்டுவரப் போனேன்.